கரிச்சியின் கழுத்தில் கட்டிய ஊர்

வாங்க என் ராசாக்களா, ராசாத்திகளா. வாசலில் நின்று எட்டிப் பார்க்க வேண்டாம், உள்ளே வந்து கிட்டக்க உட்காருங்க. சின்னதுகளை மடியில் போட்டுக்கிடுங்க. ஒரு நாய்க்குக் கொழும்பில் வேலை கிடைத்த கதையைச் சொல்லப் போறேன். ஆமா, வேலை நாய்க்குத்தான். கூடக் கப்பலேறின புருஷனும் பெண்டாட்டியும் அதோடு ஒட்டிக்கொண்டு போனவர்கள். நடுவில் ஒரு இடத்தில் கொஞ்சம் பயமா இருக்கும், என் கையைப் பிடிச்சுக்கிடுங்க. மற்றபடி சிரிப்புத்தான்.

இலத்தூருக்குப் பக்கத்தில் குளத்துக்கரையை ஒட்டி ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ச் சொரிமுத்துவுக்கு ராயகிரியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள் ஆவுடைத்தாய். அவள் வண்டியை விட்டு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் வெண்கலப் பானை இறங்கியது. பானைக்குப் பின்னால் ஒரு கறுப்பு நாய் குதித்தது. ஒட்டின வயிறு, நெட்டைக்கால், இரண்டு கண்ணுக்கும் மேலே தவிட்டு நிறத்தில் ஒவ்வொரு பொட்டு. அதுவும் கல்யாணப் பெண் மாதிரித்தான் நின்றது.

ஆரத்தித் தட்டோடு நின்ற மாமியார் தங்கத்தாய்க்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏட்டி, இது யாரு?"

"கரிச்சி, அத்தை. எங்க வீட்டுச் சீதனம்."

"சீதனத்துக்கு வாலு உண்டுமா?"

ராயகிரிப் பக்கத்தில் அது ஒரு வழக்கம். கன்னி நாய் என்று ஒரு சாதி. வேட்டைக்குப் பேர் போனது. அதை விலைக்கு விற்க மாட்டார்கள். பெண் வாக்கப்பட்டுப் போகும்போது சீதனத்தோடு அனுப்புவார்கள். அப்புறம் அவள் எங்கே இருக்கிறாளோ அங்கேதான் அதுவும் இருக்கும். அவள் சொல்லை மட்டும்தான் கேட்கும். தங்கத்தாய் "சீ, போ" என்றால் கரிச்சி அவளைப் பார்த்து ஒரு கொட்டாவி விடும். ஆவுடைத்தாய் "ஏட்டி" என்று வாய்க்குள் சொன்னால் போதும், நாலு வயல் தாண்டி நின்றாலும் பறந்து வரும்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆவுடைத்தாய் நெஞ்சில் ஒரு கல் கிடந்தது. அந்தத் தெருவில் பாதி வீட்டு ஆம்பளைகள் கொழும்பில். வானம் பார்த்த பூமியை அண்ணன் தம்பிகள் கூறு போட்டால் ஒருத்தனுக்கும் உலை கொதிக்காது. அதனால் கல்யாணம் ஆன கையோடு ஆம்பளை கப்பலேறுவான். பொம்பளை இங்கே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தங்கத்தாயும் அப்படி நின்றவள்தான். அவள் அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லுவாள்:

"கருகருன்னு தலைமுடியோட போன மனுசன். ரெண்டு வருசம்தான்னு சொல்லிட்டுப் போனாரு. வெள்ளைத் தலையோட வந்து வாசல்ல நின்னாரு. நான் என்ன கேட்டேன் தெரியுமா? யாரு வேணும் உங்களுக்குன்னு கேட்டேன். கேக்கலாமா ஒருத்தி கட்டுன புருசன்கிட்ட?"

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். ஆவுடைத்தாய்க்கு மட்டும் சிரிப்பு வராது. ஏனென்றால் அந்த ஆடி போனால் சொரிமுத்துவும் கிளம்ப வேண்டியவன்தான்.

இப்படி இருக்கையில் குற்றாலத்தில் சாரல் தொடங்கியது. ஊரே வண்டி கட்டிக்கொண்டு குளிக்கப் போனது. கரிச்சியும் போனது, அதை விட்டுவிட்டு யார் போக முடியும்?

பேரருவிக்குப் பக்கத்துப் பாறையில் பெரிய மனுஷர் ஒருவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடையநல்லூர் அகமது கபீர். கொழும்புத் துறைமுகத்தில் அவருக்குப் பெரிய கிட்டங்கி உண்டு. அரிசி மூட்டையும் மிளகாய் மூட்டையுமாகக் கூரை முட்ட அடுக்கியிருக்கும். உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் எண்ணெய் மினுங்க அவர் கண்ணை மூடிக் கிறங்கிக் கிடந்த நேரம், ஒரு களவாணி அவருடைய தோல்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கிட்டங்கிச் சாவி அத்தனையும் அதுக்குள்ளே.

"பிடி, பிடி!" என்று கபீர் எழுந்தார். எழுந்தவர் வழுக்கினார். அவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த ஆளும் வழுக்கினான். அவர்களைத் தூக்கப் போனவர்கள் கையில் அவர்கள் நிற்கவில்லை. விரால் மீன் மாதிரி நழுவிப் போனார்கள்.

கரிச்சிக்கு ஓடுகிற காலைக் கண்டால் நிற்க முடியாது. ஒரு கறுப்புக் கோடு மாதிரிப் போனது. கடைத்தெருவுக்குள் பலாப்பழக் குவியலைத் தாண்டி, ஒரு சாமியாரின் தலைக்கு மேலே தாவி, களவாணி முதுகில் இரண்டு முன்காலையும் வைத்து அமுக்கியது. கடிக்கவில்லை, குரைக்கவில்லை. ஏறி உட்கார்ந்துகொண்டது. போலீஸ்காரர் வந்தார், தொப்பியைக் காட்டினார், அது அசையவில்லை. கபீர் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து ஒரு முழு அல்வாப் பொட்டலத்தை நீட்டினார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. கீழே கிடந்தவன்தான் அழுதான்: "யாராவது இந்த மகராசிக்குச் சொந்தக்காரியக் கூப்பிடுங்களேன்!"

ஆவுடைத்தாய் ஈரச் சேலையோடு மூச்சு வாங்க வந்தாள்.

"ஏட்டி, விடு."

கரிச்சி இறங்கி வாலை ஆட்டியது.

கபீர் நாயைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். எண்ணெய் வழிகிற கையைத் தாடியில் தடவினார்.

"என் கிட்டங்கியில களவு தாங்க முடியலம்மா. இது எனக்கு வேணும். என்ன கேக்கிறியோ தாரேன்."

"விலைக்குக் குடுக்க மாட்டோம் முதலாளி. கன்னி நாய் வாக்கப்பட்டவ கூடத்தான் இருக்கும்."

"அப்ப நீ கொழும்புக்கு வா."

"எங்க வீட்டுக்காரவிய இருக்கிற இடத்துலதான் நான் இருப்பேன்."

கபீர் வயிறு குலுங்கச் சிரித்தார். "நாய் வரணும்னா நீ வரணும். நீ வரணும்னா உன் புருசன் வரணும். ஒரு காவல் நாய்க்காக ஒரு குடும்பத்தையே கப்பல் ஏத்தணும்போல. சரி, வாங்க எல்லாரும்! உன் புருசனுக்குக் காவக்காரன் வேலை, கிட்டங்கிக்குள்ளயே ஒரு வீடு. ஆனா ஒண்ணு, நாய் வந்தாத்தான் அந்த வீடு. ஆடியில அடுத்த வெள்ளிக்கிழமை தூத்துக்குடியில கப்பல். வியாழக்கிழமை தென்காசியில ரயிலேறணும்."

ஆவுடைத்தாய் நெஞ்சில் கிடந்த கல் எங்கே உருண்டு போனது என்றே தெரியவில்லை. அருவிக்குத் திரும்ப ஓடிப் போய், உடுத்த சேலையோடு இன்னொரு தரம் தலையைக் கொடுத்தாள்.

ஊர் விடுமா? "ஏலே சொரிமுத்து, உன் பொண்டாட்டி நாய்க்குக் கொழும்புல உத்தியோகமாம்லா. நீ எதுக்குலே போற?"

"கரிச்சிக்கு ஒத்தாசைக்கு ஆளு வேண்டாமா? அவ தூங்குத நேரம் நான் குரைக்கணும்லா," என்பான் சொரிமுத்து. அவனுக்கும் தலைகால் புரியாத சந்தோஷம்.

செவ்வாய்க்கிழமை முப்பிடாதி அம்மன் கோயிலில் ஆடிக் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. கடல் தாண்டிப் போகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று மூவரும் போனார்கள். அங்கேதான் வந்தது வினை.

பூசாரி இசக்கிப்பாண்டிக்கு வயசும் ஆச்சு, பார்வையும் மங்கல். அன்றைக்குச் சாம்பிராணிப் புகை வேறு. கண்ணில் நீர் தாரை தாரையாக ஊற்றுகிறது. குந்தி உட்கார்ந்துகொண்டு, குனிந்த தலை நிமிராமல், நீட்டுகிற கைக்கெல்லாம் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டே வருகிறார். கரிச்சிக்கு ஒரு பழக்கம்: யாராவது எதிரே உட்கார்ந்து கையை நீட்டினால் அதுவும் முன்காலை நீட்டும். நீட்டியது. பூசாரி பிடித்தார். மந்திரத்தை முணுமுணுத்தார். மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். திருநீறை அள்ளி நெற்றி இருக்கும் இடம் பார்த்துப் பூசினார்.

"அம்மன் காவல்!" என்றார்.

பின்னால் நின்ற பொம்பளைகள் ஒன்றையும் பார்க்காமல் குலவை போட்டார்கள். கரிச்சி பூசாரி முகத்தை ஒரு நக்கு நக்கியது. அப்போதுதான் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஏ, என் ஆத்தா!"

கோயிலே சிரித்தது. மேளக்காரன் மேளத்தின் மேலேயே விழுந்து சிரித்தான். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. அடங்கின பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏனென்றால், காப்புக் கட்டின ஆள் கொடை முடிந்து காப்பை அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஊருக்கே ஆகாது. மாரி பொய்க்கும், அம்மை விளையாடும். கொடை அடுத்த செவ்வாய். கப்பலோ இந்த வெள்ளி.

"தாத்தா, அவுத்துவிட்ருங்க. நாய்தான," என்றாள் ஆவுடைத்தாய்.

"கட்டுறதுதான் என் கை மக்கா. அவுக்கிறது அம்மன் கை. கட்டியாச்சு, மந்திரமும் சொல்லியாச்சு. இனிமே அது நாய் இல்ல, சாமி."

அதிலிருந்து கரிச்சிக்கு நடந்த மரியாதையைக் கேளுங்க. காப்புக் கட்டினவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, "சாமி" என்றுதான் கூப்பிட வேண்டும். "சாமி, கொஞ்சம் தள்ளிப் படுங்க, நெல்லுக் காயப் போடணும்" என்பார்கள். கவிச்சி ஆகாது என்பதால் பச்சரிசிச் சோறும் வாழைப்பழமும் இலை போட்டு வைத்தார்கள். முயல் தின்று வளர்ந்த கரிச்சி வாழைப்பழத்தை முகர்ந்து பார்த்துவிட்டு ஆவுடைத்தாயை ஒரு பார்வை பார்த்தது பாருங்க, கோர்ட்டில் நிற்கிறவன்கூட அப்படிப் பார்க்க மாட்டான். தங்கத்தாய் வழக்கம்போல விளக்குமாற்றை ஓங்கினாள். பாதியில் ஞாபகம் வந்து அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "மன்னிச்சிருங்க சாமி" என்றாள்.

ஊர் சிரித்தது. ஆவுடைத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. சொரிமுத்து கடையநல்லூருக்கு ஓடிப் போய்க் கபீரைப் பார்த்துவிட்டு வந்தான். வந்தவன் திண்டாடினான், காலைக் கழுவினான், மறுபடியும் கழுவினான்.

"முதலாளி என்ன சொன்னாவ?" என்றாள்.

"கப்பல் நிக்காதுன்னாவ. நாய் இல்லன்னா வீடு இல்ல. நான் மட்டும் வந்தா மூட்டை தூக்குத வேலை தாரேன்னு சொன்னாவ." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு வருசம்தான் புள்ள."

அடுப்படியில் தங்கத்தாய் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். 'ரெண்டு வருசம்தான்' என்றதும் அகப்பை சட்டியில் 'ணங்'கென்று இடித்தது.

மறுநாள் காலையில் ஆவுடைத்தாய் கோயில் பக்கம் தண்ணீர் எடுக்கப் போனாள். கொடைக்குப் பாட வந்த வில்லுப்பாட்டுக்காரர்கள் வேப்பமரத்தடியில் பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். அம்மன் இந்த ஊருக்கு வந்த கதை. வடக்கே ஒரு ஊரில் இருந்தாளாம் முப்பிடாதி. அந்த ஊர்ப் பெண் ஒருத்தி இங்கே வாக்கப்பட்டாளாம். அம்மனைப் பிரிய மனசில்லாமல் கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வந்தாளாம். பிடிமண் இறங்கின இடத்தில் அம்மன் இறங்கினாள். அவள் இறங்கின இடம் அவளுக்கு எல்லை ஆனது.

ஆவுடைத்தாய் இடுப்பிலிருந்து குடம் நழுவியது. அது உருண்டு போய் வில்லுக்காரர் காலில் முட்டியது. அவள் எடுக்கவில்லை, பூசாரி வீட்டுக்கு ஓடினாள்.

"தாத்தா, பிடிமண்ணு எங்கன இருக்கோ அங்கன அம்மன் எல்லைதான?"

"ஆமா மக்கா. அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப கரிச்சி கழுத்துல பிடிமண்ணைக் கட்டிவிட்டா, அது எங்கன போனாலும் எல்லைக்குள்ளதான நிக்கும்?"

பூசாரி வாயில் இருந்த வெற்றிலையை மெல்ல மறந்து போனார்.

கோயில் முன்னால் ஊர் கூடியது. நாட்டாமைக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"என்னம்மா சொல்லுத? ஊரை நாய் கழுத்துல கட்டி அனுப்பணுங்கியா?"

"ஆமா அண்ணாச்சி. காப்புக் கட்டினவ எல்லையைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான? அவ தாண்ட மாட்டா. எல்லை அவ கூடவே வரும்."

காப்புக் கட்டியிருந்த இளவட்டம் ஒருத்தன் எழுந்தான். "அப்ப நானும் மடியில ஒரு பிடி மண்ணைக் கட்டிக்கிட்டுத் தென்காசிக் கள்ளுக்கடைக்குப் போய்ட்டு வரலாமா?"

"நீ போனா அம்மன் கூட வர மாட்டா. உங்க அம்மைதான் விளக்குமாத்தோட வருவா!" என்றாள் தங்கத்தாய். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

பூசாரி கையை அமர்த்தினார். "பிடிமண்ணு விளையாட்டு இல்ல. எடுத்துட்டுப் போற எடத்துல அம்மனை இருத்தணும். இங்க கொடை நடக்குத அன்னைக்கு அங்கயும் பொங்கலிட்டு, காப்பை அவுக்கணும். செய்வியா?"

"செய்வேன் தாத்தா."

"அப்ப அம்மன்கிட்டப் பூக் கேப்போம். வெள்ளை வந்தா உத்தரவு. செவப்பு வந்தா யாரும் வாயத் திறக்கப்படாது."

அம்மன் பூக்கூடையிலிருந்து எடுத்து, ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, வாழைநாரைச் சுற்றி ஒற்றை முடிச்சுப் போட்டார். நடுங்குகிற விரலுக்கு அந்த ஒற்றை முடிச்சே பெரும்பாடு. குலுக்கி அம்மன் முன்னால் போட்டார்.

"காப்புக் கட்டினவுக யாராவது ஒருத்தர் வந்து எடுங்க."

யாரும் அசையவில்லை. செவப்பை எடுத்துத் தொலைத்தால் காலத்துக்கும் பழி. அவனை இவன் தள்ளினான், இவனை அவன் தள்ளினான். ஆவுடைத்தாய் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கரிச்சி எழுந்தது. அதுவும் காப்புக் கட்டின சாமிதானே! அந்த வாழையிலை பூசாரி காலையில் நெய்ப்பொங்கல் மடித்த இலை. பச்சரிசிச் சோற்றில் காய்ந்து கிடந்த வயிறு. நேரே போனது, ஒரு பொட்டலத்தைக் கவ்வியது, ஓடியே போய்விட்டது.

"சாமி! சாமி! பிடிங்க சாமிய!"

ராயகிரிக் கன்னியை இந்த ஊர்க்காரன் பிடிக்கவா? வரப்பில் ஓடினார்கள், வாய்க்காலில் விழுந்தார்கள். நாட்டாமை வேட்டி கள்ளிச்செடியில் மாட்டிக்கொண்டது. அவர் அங்கேயே நின்று பத்தாள் குரலில் கத்தினார். ஊர்வலம் கிளம்பிவிட்டது என்று மேளக்காரர்கள் மேளத்தைக் கொட்டிக்கொண்டே பின்னால் ஓடினார்கள். குளத்துக்கரையில் துவைத்துக்கொண்டிருந்த பொம்பளைகள், சாமி ஏன் வாயில் இலையோடு ஓடுகிறது என்று தெரியாமல் கும்பிட்டார்கள்.

ஆவுடைத்தாய் 'ஏட்டி' என்று ஒரு சொல் சொன்னால் கரிச்சி வந்துவிடும். அவளும் கரையில்தான் நின்றாள். ஆனால் கூப்பிடவில்லை. அந்த வாய்க்குள் என்ன பூ இருக்கிறதோ! பார்க்காத வரைக்கும் அவள் புருஷனோடு கப்பலில் இருக்கிறாள். பார்த்துவிட்டால்?

சொரிமுத்து சேறும் சகதியுமாகத் திரும்பிப் பார்த்தான். "கூப்பிடு புள்ள. எதுவா இருந்தாலும் ரெண்டு பேருமாப் பாப்போம்."

"ஏட்டி," என்றாள், மூச்சாக.

கரிச்சி பறந்து வந்தது. எதிரே உட்கார்ந்தது. வாயைத் திறந்து காட்டியது. உள்ளே நாக்கைத் தவிர ஒன்றுமே இல்லை. இலையும் நாரும் பூவும் எல்லாம் உள்ளே போய்விட்டது.

பூசாரி தலையில் கையை வைத்தார். "சாமி பூவை முழுங்கிருச்சு!" என்று கரையில் நின்றவர்கள் போட்ட கூச்சல் கோயில் வரைக்கும் கேட்டது. பூசாரி கையை எடுத்தார். "பரவால்ல. இன்னொரு பொட்டலம் அங்கன கெடக்குல்லா? அதைப் பிரிப்போம். அதுல செவப்பு இருந்தா, சாமி முழுங்குனது வெள்ளை. உத்தரவு. வெள்ளை இருந்தா…"

எல்லோரும் கோயிலுக்கு ஓடினார்கள். கோயிலில் தங்கத்தாய் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தாள். முட்டு வலி, ஓட முடியவில்லையாம். பொட்டலத்தைக் காக்கா தூக்கிவிடக் கூடாதே என்று பக்கத்திலேயே காவல் இருந்தாளாம்.

பூசாரி பொட்டலத்தை எடுத்தார். நாரை இழுத்தார், வரவில்லை. நகத்தால் நெண்டினார், வரவில்லை. "நானா இம்புட்டு இறுக்கமாப் போட்டேன்?" என்று முனகிக்கொண்டு பல்லால் கடித்து இழுத்தார்.

செவ்வரளி.

அப்புறம் எழுந்த குலவையில் வேப்பமரத்துக் காக்கா அத்தனையும் பறந்து போய்விட்டது. சொரிமுத்து பூசாரியை அப்படியே தூக்கிவிட்டான். கள்ளுக்கடைக்குப் போகக் கேட்ட இளவட்டம் கரிச்சியைத் தூக்கினான். வில்லுக்காரர்கள் எதுக்கென்று தெரியாமலே பாட ஆரம்பித்தார்கள்.

ஆவுடைத்தாய் கீழே கிடந்த நாரைக் குனிந்து எடுத்தாள். பூசாரி போட்டது ஒற்றை முடிச்சு. இதிலோ பூமாலை தொடுக்கிறவள் போடுகிற இரட்டை முடிச்சு, நறுக்கென்று. அவள் நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். தங்கத்தாய் அம்மனையே பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். இமைகூட ஆடவில்லை.

வியாழக்கிழமை காலையில் கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, கரிச்சி கழுத்தில் கட்டினார்கள். அம்மன் எல்லை ரயிலடி வரைக்கும் மேளதாளத்தோடு போனது. தென்காசி ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டர், "யார் வாராங்க? கலெக்டரா?" என்று தொப்பியைத் தேடினார்.

வண்டி ஊதியது. ஜன்னல் வழியாக ஆவுடைத்தாய் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, மிச்சம் கெடந்த பொட்டலத்துல முதல்ல என்ன இருந்துச்சு?"

"பூ இருந்துச்சு."

"என்ன நெறம்?"

"எனக்கு எங்கட்டி கண்ணு தெரியுது?" என்றாள் தங்கத்தாய். அவள் விளக்கு இல்லாமல் ஊசியில் நூல் கோப்பவள். "அம்மன் கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான இருந்தா, நான் என்ன செய்தேன்னு அவளுக்குத் தெரியும். பிடிக்கலன்னா அப்பவே என் கையைத் தட்டிவிட்ருப்பாள்லா? போ, ஏட்டி. அவன் தலைமுடி நரைக்குத அன்னைக்கு நீ பக்கத்துல இருந்து ஒவ்வொண்ணாப் பாரு."

வண்டி நகர்ந்துவிட்டது. ஆவுடைத்தாய் அழுதாளா சிரித்தாளா என்று சொரிமுத்துவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தூத்துக்குடியில் நாயைப் பார்க்கிற டாக்டர் கரிச்சியை மேலும் கீழும் பார்த்தார். "கால்ல கயிறு என்ன? கழுத்துல மூட்டை என்ன?"

கபீர் முன்னால் வந்தார். "அது அவங்க ஊரு சார்."

"எது?"

"மூட்டை. நாய் ஊரை விட்டுப் போகக் கூடாது. அதான் ஊரைக் கட்டிக்கிட்டு வருது."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி நாயைப் பார்த்தார். கரிச்சி அவருக்குக் கை கொடுத்தது. அவர் போகச் சொன்னார்.

கப்பலில் கரிச்சிக்கு மேல்தட்டில் ஒரு கூடு. கூட்டுக்கு இந்தப் பக்கம் ஆவுடைத்தாய், அந்தப் பக்கம் சொரிமுத்து. கடல் ஆட்டின ஆட்டத்தில் கப்பலில் பாதிப் பேர் குடலைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். எத்தனையோ தரம் போய்வந்த கபீரே கவிழ்ந்து கிடந்து, "யா அல்லா, இந்தத் தடவை மட்டும்" என்றார். கரிச்சி மட்டும் மூக்கை நீட்டிக் காற்றில் மீன் வாடை பிடித்தது. அதுக்கென்ன கவலை? அது ஊரை விட்டு எங்கேயும் போகவில்லையே!

கொழும்பில் கிட்டங்கி வாசலில் ஒரு பலாமரம். அதன் கீழே பிடிமண்ணை இறக்கி, ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசினாள் ஆவுடைத்தாய். கபீர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"காவலுக்கு நாய் கேட்டேன். அம்மனையும் சேத்துல்லா கூட்டியாந்திருக்க!"

"ரெண்டு பேரும் சம்பளம் கேக்க மாட்டாவ முதலாளி."

"பொங்கலுக்கு அரிசி என் கணக்கு," என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார் அவர்.

செவ்வாய்க்கிழமை. ஊரில் கொட்டு முழங்குகிற அதே பொழுதில் இங்கே பொங்கல் பொங்கியது. சேதி எப்படித்தான் பரவியதோ, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், கடையில் நிற்கிறவர்கள், தோணி தள்ளுகிறவர்கள் என்று நம்ம பக்கத்து ஆம்பளைகள் அத்தனை பேரும் வந்து நின்றார்கள். வருஷக்கணக்காகக் குலவைச் சத்தம் கேட்காத காதுகள். குலவை போட அங்கே இருந்த ஒரே பொம்பளை ஆவுடைத்தாய். அவள் போட்டாள் பாருங்க ஒரு குலவை! தாடி வைத்த ஆம்பளைகள் மூக்கை உறிஞ்சினார்கள். அப்புறம் ஒருத்தன், "நானும் அடுத்த கப்பல்ல போய் என் வீட்டுக்காரியக் கூட்டியாரப் போறேன்" என்றான். "உனக்கு நாய் இருக்காலே?" என்றான் இன்னொருத்தன். "நாயா நான் இருக்கேன், போதாதா?" என்றான் அவன். அழுத கண்ணோடு அத்தனை பேரும் சிரித்தார்கள்.

கடற்கரையில் வைத்து ஆவுடைத்தாய் கரிச்சியின் காலில் இருந்த காப்பை அவிழ்த்தாள். அலை வந்து மஞ்சள் கயிற்றை வாங்கிக்கொண்டு போனது. கரிச்சி ஒரு தரம் உடம்பைச் சிலுப்பியது. அப்புறம் கரையோரம் ஓடிய ஒரு நண்டைத் துரத்திக்கொண்டு கிளம்பிவிட்டது. அதைப் பிடிக்கச் சொரிமுத்து ஓடினான். சொரிமுத்துவைப் பிடிக்க ஆவுடைத்தாய் ஓடினாள். கால் நனைய நனைய, மூச்சு வாங்க வாங்க, யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று தெரியாமல் மூவரும் அந்தக் கரை முழுக்க ஓடினார்கள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. அந்த அம்மன் உங்க வீட்டு வாசலிலும் இருந்து காக்கட்டும். பிழைக்கப் போகிறவர்கள் பிரியாமல் போகட்டும். போன இடத்திலும் உங்க உலை பொங்கி வழியட்டும். புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தர் தலை நரைப்பதை ஒருத்தர் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். பிள்ளை குட்டிகளும், வாலு முளைத்த உயிர்களும், மாமியாரும் மருமகளும் ஒரே கூரைக்குக் கீழே சிரித்துக் கிடக்கட்டும். மகராசனா, மகராசியா இருங்க.